நாக்கு மெக்கானிக்கின் பலகை

பயிற்சி நிலையத்தின் பட்டறைக் கூடத்தில் நிற்கும் அந்தப் பலகையைச் செய்தவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அங்குள்ள ஆசிரியை கேட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டுப் பக்கத்துச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். செய்தவன் என் மைத்துனன். அவன் எழுதமாட்டான், இப்போதெல்லாம் அதிகம் பேசவும் மாட்டான். என்னை எழுதச் சொன்னது என் மனைவி, அவனுடைய அக்கா.

“அவனைப் பத்தி உங்களை விட யாருக்கு நல்லாத் தெரியும். அவன் வாயை அடைச்சதே நீங்கதானே,” என்றாள். “ஆனா ஒண்ணையும் விடாம எழுதணும்.”

ஒரு பக்கத்தில் இது அடங்காது. சட்டத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

என் மைத்துனனுக்குத் தொழிலில் நாக்கு என்று பெயர். பழைய காலத்துப் பெரிய கார்களில் பாதி வேலையைச் செய்வது மின்சாரமில்லை, வெற்றிடம். எஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பை மெல்லிய ரப்பர்க் குழாய்கள் வழியாகக் கார் முழுக்கக் கொண்டுபோயிருப்பார்கள். ஒரு கதவைப் பூட்டினால் மற்ற மூன்றும் தானாகப் பூட்டிக்கொள்வது அதனால்தான். இரண்டு டன் வண்டியின் பிரேக் கால் கட்டைவிரலுக்கு அடங்குவதும் அதனால்தான். இதை வேக்குவம் என்போம். எங்கோ ஒரு குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், கதவு பூட்டாது, எஞ்சின் குலுங்கும், சொந்தக்காரன் பைத்தியம் பிடித்து அலைவான்.

மற்ற மெக்கானிக்குகள் அந்த ஓட்டையைத் தேடி நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவன் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சுவான். நாக்கால் அடைத்துக்கொண்டு கையை எடுத்துவிடுவான். குழாய் நாக்கில் ஒட்டிக்கொண்டு தொங்கினால் ஓட்டையில்லை. நழுவினால் இருக்கிறது. எத்தனை நொடியில் நழுவியது என்பதை வைத்தே ஓட்டை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவான். அதற்கென்று முள் வைத்த மீட்டர் விற்கிறது. “அது நாக்கில்லாதவன் வாங்குறது,” என்பான்.

சரியான வாயாடி. எனக்கு டயர் கடை. “மாமா, உங்க தொழில் ஊதுறது, என் தொழில் உறிஞ்சுறது. நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஊர்ல காத்தே மிஞ்சாது,” என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். டயரைக் கழற்றி மாட்டுபவன் ஒரு படி கீழே என்று சொல்லாமல் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். என் கடையில் வேலைக்கு நின்றவர்களில் என்னிடம் ஓர் அறை வாங்காதவன் கிடையாது. பஞ்சர் சரியாக ஒட்டவில்லை என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரின் முன்கண்ணாடியை டயர் லீவரால் உடைத்திருக்கிறேன். மனைவியை மட்டும் நான் அடித்ததில்லை என்று எழுதலாமென்றிருந்தேன். அவள் இதைப் படிப்பாள் என்பதால் எழுதவில்லை.

இனி கார். சாம்பல் நிறத்தில் நீளமான பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கும்போது அதன் வேக்குவம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. மூன்று மாதம் நாக்கு அதற்குள்ளேயே குடியிருந்தான். ஒவ்வொரு குழாயாக உறிஞ்சி, ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு சாயங்காலம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சாவியைத் திருப்பினேன். நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. பிரேக் மெத்தை மாதிரி இறங்கியது.

மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்தேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை. பிரேக்குக்குப் போகும் குழாயின் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு இருந்தது. காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு. கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். பிரேக் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் காற்று போனது. எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடமாக டயருக்குக் காற்றடிக்கிறவன் நான். வால்வு என்றால் காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. எஞ்சின் அனுப்புவதைப் பிரேக் வாங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளத்தானே வால்வு. இந்தப் பெரிய நாக்கு இதைத் தலைகீழாக அல்லவா மாட்டியிருக்கிறான்.

திருப்பி மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. எஞ்சினை ஓடவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். கல்லு மாதிரி இருந்தது. எனக்குப் பரம திருப்தி. அமுக்கினால் கல்லு மாதிரி இருப்பதுதான் நல்ல டயர். டயர்காரன் என்றால் கொக்கா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மனைவியை முன்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

தெருவுக்குள் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காலில் வலு உண்டு. சரக்குக் கிடங்குக்கு இறங்கும் சரிவில்தான் வண்டி என் காலை மதிக்காமல் போனது. கீழே இரும்புக் குழாய் ஏற்றிய லாரி ஒன்று பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. மிதித்தேன். இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன். இருக்கையிலிருந்து இடுப்பு எழும்பிவிட்டது. ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன், கருகல் வாடை மட்டும் வந்தது. ஒரு குழாய் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, என் மனைவியின் காதைக் கிழித்துப் பின்னிருக்கையில் குத்தி நின்றது. முன்பக்கம் மொத்தமும் மடங்கி அவள் மடியில் ஏறியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை.

“என் காலைக் காணோம்,” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு உதட்டில் ஒரு கீறல்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, பிழைத்தால் கம்பு ஊன்றி நடக்கலாம் என்றார்கள். சட்டையில் அவள் ரத்தம் காய்வதற்குள் நான் நடக்க ஆரம்பித்தேன். வழியில் என் கடைக்குள் போய் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். ஆத்திரம் கடைக்குள் போய், சின்னதை வைத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டு வராது. கண் மண் இரண்டும் எனக்கு நன்றாகவே தெரிந்தன.

நாக்கு தன் கொட்டகையில் ஒரு வண்டிக்குள் குனிந்திருந்தான். செய்தி அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. காலடி கேட்டுத் திரும்பினான். வாயில் குழாய் தொங்கியது. நாக்கில் ஒட்டியிருந்ததால் அவனால் பேச முடியவில்லை. புருவத்தைத் தூக்கி, இருங்க மாமா, என்கிற மாதிரி ஒரு விரலைக் காட்டினான். எத்தனையாவது நொடி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருப்பான். அந்த வாயிலேயே அடித்தேன். இரண்டு அடி. குழாய் கீழே விழுந்தது, கூடவே பற்களும். அவன் தரையில் உட்கார்ந்து பற்களைப் பொறுக்க ஆரம்பித்தான், நட்டு சிதறினால் பொறுக்குவது மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“உன்னை நம்பி அவளை ஏத்திட்டுப் போனேன்டா. பிரேக் பிடிக்கலடா,” என்று கத்தினேன். காலையில் நான் பானெட்டைத் திறந்தது அப்போது என் நினைவிலேயே இல்லை. பிறகு நினைவு வந்தபோதும், அவன் தப்பை நான் சரிசெய்து வைத்தேன், அப்படியும் பிடிக்கவில்லை, அப்படியென்றால் இன்னும் எத்தனை தப்பு செய்திருப்பான் என்றுதான் யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

போலீஸ் வந்து கேட்டதற்கு, எஞ்சினைத் தொங்கவிட்டிருந்த செயின் அறுந்து, அது தன் முகத்தில் விழுந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான் நாக்கு. அக்காவும் தம்பியும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். அவன் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். குழல் வைத்து உறிஞ்சிக் குடிக்க அவனால் முடியவில்லை. ஊசிக்குழாயால் பாலைக் கடைவாயில் விட்டார்கள். உறிஞ்சியே பிழைத்தவன்.

கம்பியை எடுத்த பிறகும் உதடு ஒரு பக்கம் மூடவில்லை. ஏழு பல் போயிருந்தது. கொட்டகைக்குத் திரும்பி முதல் வேலையாக ஒரு குழாயை வாயில் வைத்திருக்கிறான். காற்று உதட்டோரமாகப் போய்விட்டது. திரும்பத் திரும்ப வைத்து, ஈறு கிழிந்து, குழாயெல்லாம் ரத்தமானதும் விட்டுவிட்டான். கொட்டகையைச் சாத்தினான்.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வரவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு தம்பியின் கொட்டகைக்கு மேலே இருந்த அறைக்குப் படியேறிவிட்டாள். கூப்பிடப் போனேன்.

“பிரேக் ஏன் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியணும்,” என்றாள்.

“உன் தம்பி பார்த்த வேலை லட்சணம் அப்படி. வேற என்ன.”

“அதை அவன் முன்னாடி காட்டுங்க. அவன் தப்புன்னு காட்டிட்டா அன்னைக்கே உங்க கூட வர்றேன்.”

நொறுங்கிய காரை அந்தக் கொட்டகைக்கே இழுத்து வரச் சொல்லியிருந்தாள். அவன் அதைக் கழற்றிக்கொண்டிருந்தான். வால்வு எப்படி மாட்டியிருந்தது என்று அப்போதே அவன் பார்த்துவிட்டான், அக்காவையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நீயே திருப்பி வைத்துவிட்டு என்னிடம் காட்டுகிறாயா என்று கேட்டிருப்பேன். கேட்டுக்கொண்டே கையை ஓங்கியிருப்பேன். அது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி நிலையத்து ஆசிரியை வந்தார். பழைய வண்டிகளின் வேக்குவத்தைப் படம் போட்டுச் சொல்லி யாருக்கும் புரியவில்லை, கையால் தொட்டுக் கழற்றி மாட்டிப் படிக்கிற மாதிரி ஒரு பலகை வேண்டும் என்று கேட்டார். நாக்கு என் காரின் உறுப்புகளை வைத்தே செய்யத் தொடங்கினான். சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் ஆள் உயரப் பலகை. எஞ்சினுக்குப் பதில் பழைய ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கம்ப்ரஸரைத் திருப்பி வைத்து, காற்றை இழுக்கவிட்டான். கதவுப் பூட்டு நாலும் வரிசையாக. கீழே பிரேக் மிதி, அதன் பின்னால் பூஸ்டர் என்கிற வட்டமான பெரிய டப்பா. ரப்பருக்குப் பதில் உள்ளே தெரிகிற குழாய்கள். நாக்குக்குப் பதில் இரண்டு மீட்டர். தான் கேலி செய்த அதே மீட்டர்.

வேக்குவத்தைச் சேர்த்து வைக்கும் கலத்துக்கு, எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியை வைத்தானாம். கம்ப்ரஸரைப் போட்டதும் அது வெடித்து, சில்லு அவன் முழங்கை வரை ஏறியதாக, நான் மறுபடி கூப்பிடப் போனபோது மனைவி சொன்னாள். நான் நம்பவில்லை.

“காத்தை எடுத்த புட்டி எப்படி வெடிக்கும். காத்து அடைச்சாத்தான் வெடிக்கும். என்கிட்டயே கதை விடுறியா.”

“உள்பக்கமா வெடிச்சுது. வெளியில இருக்கிற காத்து நசுக்கிடுச்சு.”

“வெளியில இருக்கிற காத்துக்கு என்ன, கை இருக்கா.”

அவள் என்னையே பார்த்தாள்.

என் காரை வைத்து, என் பெயரைக் கெடுக்க ஒரு சாமான் தயாராகிறது என்று எனக்குள் ஒரு புழு புகுந்துகொண்டது. ஒரு மதியம் சம்மட்டியோடு போனேன். நாக்கு கொட்டகையில் இல்லை. பலகையை நடுவில் அடித்தேன். மீட்டரை அடித்தேன். பூட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தேன். பிரேக் மிதியை அடிக்கச் சம்மட்டியைத் தூக்கியபோது, பக்கவாட்டிலிருந்து என் புருவத்தில் இடி இறங்கியது. என் மனைவி கம்பைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் அடித்திருந்தாள். அடித்த வேகத்தில் ஊன்ற ஒன்றுமில்லாமல் அவளும் விழுந்தாள். இருவரும் கண்ணாடித் தூளில் கிடந்தோம். என் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். தூக்கப் போனேன்.

“தொட்டீங்கன்னா இன்னொரு கண்ணும் போயிடும்,” என்றாள்.

புருவத்தில் ஆறு தையல். இன்றும் அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை.

நாக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். கண்ணாடிப் புட்டிக்குப் பதில் இரும்புக் கலம். நாலு மாதம். முடிந்ததும் என் கடைக்கு ஆள் அனுப்பினான். ஒப்படைக்கிற அன்றைக்கு மாமா கட்டாயம் வரவேண்டும், அக்காவும் வருகிறாள் என்று. எனக்குக் கசக்குமா. எல்லோர் முன்னாலும் அவன் குட்டை உடைத்துவிட்டு, அப்படியே அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

பட்டறைகளில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆசிரியையும் என் மனைவியும் முன்னால் நாற்காலியில். பலகையில் எல்லாம் மாட்டி முடித்திருந்தது, பிரேக் குழாயின் நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. நாக்கு சட்டைப் பையிலிருந்து அந்த வால்வை எடுத்து என்னிடம் நீட்டினான். அவன் கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. புட்டி வெடித்ததில் அப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“மாமா, இதை நீங்க மாட்டுங்க,” என்றான். சொற்கள் பாதி உதட்டோரமாக ஒழுகி வந்தன.

இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். வால்வை வாயில் வைத்து ஊதிக் காட்டினேன். “காத்து எஞ்சின்லருந்து பிரேக்குக்குப் போகணும், திரும்பி வரக்கூடாது. சில பெரிய மெக்கானிக்குங்க இதைத் தலைகீழா மாட்டிருவாங்க,” என்று அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். விபத்தன்று காலை மாட்டிய மாதிரியே மாட்டினேன். அதற்குள் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஏனென்று எனக்குப் புரியவில்லை.

நாக்கு கம்ப்ரஸரைப் போட்டான். எஞ்சின் பக்கத்து மீட்டரில் முள் சரசரவென்று ஏறியது. பிரேக் பக்கத்து முள் அசையவில்லை. நான் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

“மிதிச்சுப் பாருங்க,” என்றாள் மனைவி.

மிதித்தேன். கல். அந்தக் கல்லை என் உள்ளங்காலுக்குத் தெரியும். சரிவில் இரண்டு காலாலும் ஏறி மிதித்த அதே கல்.

நாக்கு வால்வைக் கழற்றித் திருப்பி மாட்டினான். இரண்டாவது முள் ஏறியது. என் மனைவி எழுந்து வந்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு, உடைந்த பக்கத்துக் காலைத் தூக்கி, கட்டைவிரலை மட்டும் மிதியில் வைத்தாள். அது தரைவரை இறங்கியது.

எஞ்சின் எதையும் அனுப்புவதில்லை. பூஸ்டர் டப்பாவிலிருந்து காற்றை எடுத்துவிடுகிறது. மிதிக்கும்போது வெளிக்காற்று வந்து நம் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. நான் எடுக்கிற வழியை அடைத்திருந்தேன். அவளுடைய இடுப்பை உடைத்தது நான். இவ்வளவையும் அந்த ஒரு நொடியில் புரிந்துகொண்டேன். புரிந்ததும் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பலகையின் ஓரத்தில் கிடந்த ஸ்பேனரை என் கை எடுத்தது. அடிக்கத்தான் எடுத்தது. எதை என்று அதற்கே தெரியாது.

நாக்கின் இரண்டு கைகளும் சட்டென்று தாடைக்குப் போயின. அவன் யோசித்துச் செய்யவில்லை. கைகள் தாமாகப் போயின.

“இப்ப யாரை அடிக்கப் போறீங்க,” என்றாள் என் மனைவி.

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. நான் பாடத்துக்காக வேண்டுமென்றே தப்பாக மாட்டிக் காட்டினேன் என்று நினைத்த பின்வரிசைக்காரர் ஒருவர், நல்ல மனதோடுதான் நாக்கிடம் கேட்டார்: “சார், நிஜமாவே யாராவது இப்படி மாட்டுவாங்களா?”

“மாட்டுவாங்க,” என்றான் நாக்கு. “காத்தடிக்கிற தொழில்ல இருக்கிறவங்க யாருக்கும் அப்படித்தான் தோணும். அது தப்பில்ல.”

என் தாடையை அவன் உடைத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இதெல்லாம் எழுதி முடித்து நேற்று கொட்டகைக்குக் கொண்டுபோனேன். மேலே ஏறவில்லை. ஏறலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. என் மனைவி இறங்கி வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து, பென்சிலும் கையுமாகப் படித்தாள். கார், சரிவு, காது, இடுப்பு எல்லாவற்றையும் நிறுத்தாமல் தாண்டினாள். ஓர் இடத்தில் பென்சில் நின்றது.

“அஞ்சு,” என்றாள்.

“எனக்கு ரெண்டுதான் ஞாபகம்.”

“தாடையில ரெண்டு. கன்னத்துல ஒண்ணு. தோள்ல ஒண்ணு. தடுக்கக் கையைத் தூக்கினப்ப விரல்ல ஒண்ணு. பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு அத்தனை கட்டையும் பிரிச்சுக் கட்டுறதைத் தினம் பார்த்தவ நான்.”

அவள் திருத்தவில்லை. பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போனாள். வீட்டுக்கு வருவதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலே இரண்டு என்று இருப்பதை நான் அழிக்கவில்லை. இத்தனை நாளும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதும் தெரியட்டும். சட்டம் போடுபவர்கள் இதையும் சேர்த்துப் போடட்டும். நான் அவனை ஐந்து முறை அடித்தேன்.